கைச்சுற்று 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால்

நீலகிரி மாவட்டத்தின் கூடலூர், பந்தலூர் பகுதியில் குழந்தைகளைப் பார்க்கும் மருத்துவர் நான். தென்மேற்குப் பருவமழை வலுத்துவிட்டால் இங்கே தோட்டக் கூலி வேலை தடைப்படும். அந்த வாரங்களில் பணியர் பழங்குடியினரின் பாடிகளிலிருந்து (குடியிருப்புகளிலிருந்து) வரும் தாய்மார்களிடம், "பிள்ளைக்குக் காலையில என்ன கொடுத்தீங்கம்மா?" என்று கேட்டால், பல நேரம் ஒரே பதில்தான்: "கட்டன் சாயாவும் பிஸ்கட்டும்." கட்டன் சாயா என்றால் பால் சேர்க்காத தேநீர். அழுகை நிற்கும், உடம்பில் ஒன்றும் ஒட்டாது. போதாக்குறைக்கு, உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதையும் தேநீர் தடுக்கும்.

எலும்பும் தோலுமான குழந்தையை மட்டும் தேடினால் பலரைத் தவறவிடுவோம். அதனால்தான் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு மேல்கையின் நடுவில் நாடா வைத்து அளக்கிறோம். சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழே போனால் கடும் ஊட்டச்சத்துக் குறைவு. 12.5-க்குக் கீழே என்றால் மிதமானது. இரண்டு பாதமும் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுகிறதா? அளவுக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கி வாருங்கள். "பிள்ளை கொழுகொழுன்னுதானே இருக்கு" என்று வீட்டிலேயே வைத்திருப்பதுதான் எனக்குப் பெரிய பயம்.

உதவ வருகிறவர்கள் அரிசி மூட்டையோடு வருகிறார்கள். நல்ல மனசு. ஆனால் ரேஷனில் அரிசி விலையில்லாமலே கிடைக்கிறது. குறைவது பருப்பு, எண்ணெய், முட்டை. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தால் அரசுத் தொடக்கப் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குக் காலையிலும் சாப்பாடு உண்டு. விடுபடுவது அதற்கும் சின்னதுகள். அங்கன்வாடியில் சத்துமாவும் முட்டையும் இருக்கும், ஆனால் வழியில் யானை நிற்கும்போது எந்தத் தாய் பிள்ளையை அனுப்புவாள்? பிள்ளைகளை அங்கே கொண்டுபோய்விட ஒரு ஜீப்பின் வாடகையை ஏற்றுக்கொள்ளுங்கள். கூட்டிப்போக ஓர் ஆளுக்குச் சம்பளம் கொடுங்கள்.

ஜார்க்கண்டிலிருந்து எஸ்டேட் வேலைக்கு வந்திருக்கும் குடும்பங்களுக்கு இன்னொன்று சொல்லுங்கள்: 'ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு' திட்டத்தில் ஊர் அட்டையை வைத்தே இங்கும் தானியம் வாங்கலாம். அட்டையோடு ஆதார் இணைந்திருக்க வேண்டும்.

சரி, வெளிநாட்டுப் பசிக்கு இங்கிருந்து என்ன செய்ய முடியும்? சூடானில் டார்ஃபர் பகுதியில், போரால் இடம்பெயர்ந்தோர் இருந்த சம்சம் முகாமில் பஞ்சம் இருப்பது 2024 ஆகஸ்டில் உறுதி செய்யப்பட்டது. சூடானிலும் குழந்தையின் கையை அளப்பது இதே நாடாதான், இதே 11.5 தான். மருந்தாகக் கொடுப்பது வேர்க்கடலை, பால் பவுடர், சர்க்கரை, எண்ணெய் சேர்ந்த பசை. 92 கிராம் பொட்டலம் ஒன்றில் 500 கலோரி. தண்ணீர் கலக்க வேண்டாம், அடுப்பும் வேண்டாம். பெரும்பாலான குழந்தைகள் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். உலகத்துக்கான இந்தப் பொட்டலங்களில் பெரும்பகுதியை வாங்கி அனுப்புவது யுனிசெஃப். துணிமணியும் உணவுப் பொருளும் பார்சல் கட்ட வேண்டாம், பணமாகக் கொடுங்கள். அதையும் சிறு தொகையாக, மாதாமாதம். செய்தியில் படம் வந்த பிறகு திரட்டும் பணத்தில் வாங்கிய பொட்டலம் முகாமுக்குப் போய்ச் சேர வாரக்கணக்காகும்.