பயிர்க் காப்பீட்டில் மகசூல் எவ்வாறு முடிவாகிறது: தருமபுரி, கிருஷ்ணகிரி விவசாயிகளுக்கான விளக்கம்

பிரதம மந்திரி பயிர் காப்பீட்டுத் திட்டத்தில் பணம் கட்டிய ஒருவர், தம் நிலத்தில் கேழ்வரகு முழுவதும் காய்ந்துபோன பிறகும் இழப்பீடு வரவில்லை என்று வருந்துவதும், பக்கத்துப் பிர்காவில் (சில வருவாய்க் கிராமங்கள் சேர்ந்த வட்டாரம்) ஓரளவு விளைந்தவருக்குப் பணம் வந்ததைக் கண்டு குழம்புவதும் பென்னாகரத்திலும் ஊத்தங்கரையிலும் புதிதல்ல. இதற்கான காரணத்தை அலுவலகப் பாகுபாட்டில் தேடுவதைவிட, திட்டம் மகசூலை அளக்கும் முறையில் தேடுவது பயன் தரும். பரவலான வறட்சி, வெள்ளம், பூச்சி, நோய் போன்றவற்றால் மகசூல் குறைந்தால், இத்திட்டம் தனி விவசாயியின் வயலை அளப்பதில்லை; அறிவிக்கை செய்யப்பட்ட பிர்காவையோ வருவாய்க் கிராமத்தையோ ஒரே அலகாகக் கொண்டு, அந்த அலகின் சராசரி மகசூலையே அளக்கிறது.

திட்டம் 2016 காரீப் பருவத்தில் (தென்மேற்குப் பருவமழைக் காலச் சாகுபடி) தொடங்கியது. உணவுப் பயிர்களுக்கும் எண்ணெய் வித்துகளுக்கும் காரீப் பருவத்தில் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதமும், ராபி எனும் குளிர்காலப் பருவத்தில் 1.5 சதவீதமும், வணிக மற்றும் தோட்டக்கலைப் பயிர்களுக்கு 5 சதவீதமும் விவசாயியின் பங்கு; மீதிப் பிரீமியத்தை மத்திய, மாநில அரசுகள் ஏற்கின்றன. 2020 முதல் பயிர்க்கடன் பெற்றவர்களுக்கும் இது கட்டாயமில்லை. ஆனால் வேண்டாம் என்போர், பதிவுக்கான கடைசி நாளுக்கு 7 நாள் முன்னதாகவே வங்கியிலோ கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ எழுதிக் கொடுத்துவிட வேண்டும். இல்லையேல் பிரீமியம் பிடித்தம் செய்யப்படும்.

இழப்பீட்டுக் கணக்கு எளிமையானதே. கடந்த 7 ஆண்டுகளில் அந்த அலகில் கிடைத்த மகசூலில் சிறந்த 5 ஆண்டுகளை எடுத்துச் சராசரி காண்பார்கள். அதை 70, 80 அல்லது 90 சதவீதம் என அறிவிக்கப்பட்ட இழப்பீட்டு விகிதத்தால் பெருக்கினால் வருவது உத்தரவாத மகசூல். நடப்புப் பருவத்தின் மகசூல் அதைவிட எவ்வளவு குறைந்ததோ, அந்தக் குறைவை உத்தரவாத மகசூலால் வகுத்து, காப்பீட்டுத் தொகையால் பெருக்கினால் இழப்பீடு கிடைக்கும். கணக்கு புரிவதற்காக மட்டும் ஓர் எடுத்துக்காட்டு: சராசரி ஹெக்டேருக்கு 2,500 கிலோ, விகிதம் 80 சதவீதம் எனில் உத்தரவாத மகசூல் 2,000 கிலோ. இந்த ஆண்டு 1,500 கிலோதான் என்றால் குறைவு 500 கிலோ, அதாவது 25 சதவீதம். ஏக்கருக்குக் காப்பீட்டுத் தொகை 20,000 ரூபாய் என்று கொண்டால் 5,000 ரூபாய் வரும். அதே பிர்காவில் ஒருவருக்குக் கொஞ்சமும் விளையாமல் போயிருந்தாலும் அவருக்கும் ஏக்கருக்கு 5,000 ரூபாய்தான். நன்றாக விளைந்தவருக்கும் அதே 5,000 ரூபாய்தான்.

அந்த 1,500 என்ற எண் எங்கிருந்து வருகிறது என்பதே முக்கியமான கேள்வி. அது பயிர் அறுவடைப் பரிசோதனையிலிருந்து வருகிறது. பிர்கா அலகாக இருந்தால் குறைந்தது 10 பரிசோதனைகளும், கிராமம் அலகாக இருக்கும் முக்கியப் பயிர்களுக்குக் குறைந்தது 4 பரிசோதனைகளும் நடத்த வேண்டும் என்பது திட்ட நெறிமுறை. எந்தச் சர்வே எண், எந்த வயல் என்பதை அலுவலர் தம் விருப்பப்படி தேர்ந்தெடுக்கக் கூடாது. குலுக்கல் போல வரும் சமவாய்ப்பு எண்களைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும். வயலின் தென்மேற்கு மூலையிலிருந்து, சமவாய்ப்பு எண் சொல்லும் அளவுக்கு நீளவாக்கிலும் அகலவாக்கிலும் நடந்து, முளை அடித்து, கயிறு கட்டி, பெரும்பாலான பயிர்களுக்கு 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் குறிப்பார்கள். அதனுள் உள்ளதை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, எடை போட்டு, ஈரப்பதத்துக்கு உரிய உலர்வுக் கழிவு செய்வார்கள். இருப்பிடக் குறியீட்டுடன் கூடிய படங்கள் கைப்பேசிச் செயலியில் பதிவாகின்றன.

அந்தச் சதுரம் 25 சதுர மீட்டர். ஒரு ஹெக்டேரில் அத்தகைய 400 சதுரங்கள் உள்ளன. ஆகவே தராசில் 100 கிராம் பிசகினால், அந்தப் பரிசோதனையின் ஹெக்டேர்க் கணக்கில் 40 கிலோ பிசகும். கயிற்றுக்கு வெளியே வேர் ஊன்றிய ஒரு வரிசைச் செடிகளை உள்ளே சேர்த்து அறுத்தால் மகசூல் உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும், இழப்பீடு குறையும். இந்த ஓரப் பிழை பழைய விவாதம். 1920-களில் பீகார், ஒரிசாவில் ஹப்பேக் என்ற அதிகாரி நெல்லுக்கு இம்முறையைச் சோதித்தார்; பின்னர் வங்காளத்தில் புள்ளியியலாளர் மகலனோபிஸ் சிறு சதுர, வட்ட வெட்டுகளைப் பயன்படுத்தினார்; வேளாண் புள்ளியியலாளர்களான பான்சேயும் சுகாத்மேயும் சிறு வெட்டுகள் மகசூலை மிகைப்படுத்துகின்றன என்று வாதிட்டுப் பெரிய பரப்பை வலியுறுத்தினர். வயலில் கயிறு கட்டும் உதவி வேளாண்மை அலுவலர் அறிந்தாலும் அறியாவிட்டாலும், அவர் கையில் இருப்பது இந்தியப் புள்ளியியலின் ஒரு பெரிய சர்ச்சையின் முடிவு.

கேழ்வரகுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. கதிர்கள் ஒரே சமயத்தில் முதிர்வதில்லை; முதலில் முதிர்ந்தவற்றைக் கொய்து, ஒரு வாரம் கழித்து மீதியைக் கொய்வது இங்கே வழக்கம். தேர்வான வயலில் பரிசோதனைக்கு முன்பே முதல் கொய்தல் முடிந்துவிட்டால், எடை உண்மையைக் காட்டாது. ஆகவே தம் வயல் தேர்வாகியிருப்பதை அறிந்தவர், கொய்யும் நாளை அலுவலருக்கு முன்கூட்டியே தெரிவித்து, அவர் வரும்வரை அந்த இடத்தைத் தொடாமல் வைத்திருப்பது பிர்காவில் உள்ள அனைவருக்கும் செய்யும் உதவி.

இப்போது பரிசோதனையோடு கணினி மாதிரியும் சேர்ந்துள்ளது. 2023 காரீப் முதல் ‘யெஸ்-டெக்’ என்ற முறையில், நெல்லுக்கும் கோதுமைக்கும் தொழில்நுட்ப மதிப்பீட்டுக்குக் குறைந்தது 30 சதவீத எடை தரப்படுகிறது. 2024-ல் சோயா மொச்சை சேர்ந்தது. இதில் பல துறைகள் கைகோக்கின்றன. பயிர் உள்வாங்கும் சூரிய ஒளியைச் செயற்கைக்கோள் படத்திலிருந்து கணித்து, அதிலிருந்து நீர்ப் பற்றாக்குறையும் வெப்பமும் குறைத்ததைக் கழித்து, உருவாகும் உயிர்ப்பொருளில் தானியமாக மாறும் பங்கைக் காண்பது ஒரு வழி. மண், வானிலை, ரகம், நடவு நாள் ஆகியவற்றைக் கொடுத்துச் செடியின் வளர்ச்சியை நாள்வாரியாகக் கணினியில் நிகழ்த்திப் பார்ப்பது மற்றொரு வழி. பழைய பரிசோதனைத் தரவுகளிலிருந்து கணினியே உறவுகளைக் கற்றுக்கொள்வது மூன்றாவது. மேகம் மூடியிருந்தாலும் ரேடார் படங்கள் கிடைக்கும் என்பது மழைக்காலத்தில் பெரிய வசதி. நெல் பரப்பையும் மகசூலையும் ரேடார் படத்தாலும் பயிர் மாதிரியாலும் மதிப்பிடும் பணியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்குச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்துடன் சேர்ந்த அனுபவமும் உண்டு.

நெல்லுக்கு உத்தரவாத மகசூல் 4,000 கிலோ, பரிசோதனை சொல்வது 3,000, மாதிரி சொல்வது 3,400 என்று வைத்துக்கொண்டால், 70-க்கு 30 என்ற எடையில் முடிவு 3,120 கிலோ. குறைவு 25 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகிறது. மாதிரி பரிசோதனையைவிடக் குறைவாகச் சொன்னால் எதிர்த்திசையிலும் நடக்கும். தராசில் கை வைப்பதைத் தடுக்க இது உதவும் என்பதை மறுக்க முடியாது. ஆனாலும் எனக்கு ஓர் ஐயம் உண்டு. சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் ஒரு படப்புள்ளி 10 மீட்டருக்கு 10 மீட்டர். அரை ஏக்கரில் சுமார் 20 புள்ளிகள்தான் அடங்கும், அவற்றிலும் ஓரத்துப் புள்ளிகள் வரப்பையும் பக்கத்து வயலையும் கலந்து காட்டும். ராகிக்குள் அவரையும் மொச்சையும் வரிசையாக ஊன்றும் சூளகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மானாவாரி நிலங்களில், வானத்திலிருந்து தெரியும் பச்சை எந்தப் பயிருடையது என்று பிரிப்பது எளிதன்று. எனவே சிறுதானியங்களுக்கும் இம்முறை விரிவுபெறும் நாளில், மாதிரியைச் சரிபார்க்க இம்மாவட்டங்களின் கலப்புப் பயிர் வயல்களிலேயே நேரடிப் பரிசோதனை நடந்திருக்க வேண்டும். தனிப்பயிர் வயலில் சரிபார்த்த மாதிரி இங்கே போதாது.

பிர்கா சராசரிக்கு வெளியே, தனி வயலுக்கே கிடைக்கும் பாதுகாப்பும் திட்டத்தில் உள்ளது. ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, மேகவெடிப்பு, மின்னலால் தீ போன்ற குறிப்பிட்ட இடத்துச் சேதங்களுக்கும், அறுத்து வயலில் காயப்போட்ட பயிருக்கு 14 நாட்களுக்குள் புயல், பருவம் தவறிய மழையால் நேரும் சேதத்துக்கும், மாநிலம் அவற்றை அறிவிக்கை செய்திருந்தால், வயல்வாரியாக ஆய்வு செய்வார்கள். 72 மணி நேரத்துக்குள் பயிர் காப்பீட்டுச் செயலியிலோ, 14447 என்ற உதவி எண்ணிலோ, வேளாண் அலுவலகத்திலோ தெரிவிக்க வேண்டும். யானையும் காட்டுப்பன்றியும் இறங்கும் அஞ்செட்டி, தளி விவசாயிகள் கவனிக்க வேண்டிய செய்தி: வனவிலங்குகளால் ஏற்படும் சேதத்தையும் இவ்வகையில் சேர்ப்பதாக மத்திய அரசு 2025 நவம்பரில் அறிவித்துள்ளது, 2026 காரீப் முதல் என்பது அந்த அறிவிப்பு. எந்த விலங்குகள், எந்தப் பகுதிகள் என்பதை மாநில அரசே அறிவிக்க வேண்டும்.

பதிவின்போது சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவை தேவை. ரசீதை வாங்கியவுடன் பயிரின் பெயர், சர்வே எண், பிர்கா, பரப்பு ஆகிய நான்கையும் அங்கேயே படித்துப் பார்க்க வேண்டும். நிலக்கடலை போட்ட நிலத்துக்குச் சோளம் என்று பதிவாகியிருந்தால், அந்தப் பருவம் முழுவதும் வேறொரு பயிரின் கயிறும் தராசும்தான் உங்கள் இழப்பீட்டை முடிவு செய்யும்.