பேங்க்: வங்கி, கரை, பார்

கன்னியாகுமரிக்குத் தெற்கே கடலுக்கடியில் பரந்த மேடு ஒன்று இருக்கிறது. சுற்றிலும் ஆழ்கடல், மேட்டின் மேல் ஆழம் 200 மீட்டருக்குள் அடங்கிவிடும். கணவாய், கலவாய் மீன்கள் திரளும் இடம் அது. குமரி மாவட்டத்துத் தூண்டில்காரர்களுக்குப் பல தலைமுறைகளாகச் சோறு போடுகிறது. வரைபடத்தில் அதன் பெயர் வெட்ஜ் பேங்க். 1976இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட கடல் எல்லை உடன்பாட்டை ஒட்டி, அந்த மேட்டின் மேல் இந்தியாவுக்கே உரிமை என்று முடிவானது.

அதைத் தமிழில் ‘வெட்ஜ் வங்கி’ என்று எழுதினால் என்ன ஆகும்? நாகர்கோவிலில் ஏதோ புதுக் கிளை திறந்திருக்கிறார்கள் என்றுதான் படிப்பவர் நினைப்பார். ‘பேங்க்’ என்றால் ‘வங்கி’ என்று ஒரே விடையை மனப்பாடம் செய்து வைத்திருப்பதால் வரும் குழப்பம் இது.

இந்தச் சொல்லின் வேர் ஜெர்மானிய மொழிகளில் இருக்கிறது. மேடு, திண்டு என்பதே பழைய பொருள். வட ஐரோப்பியப் பேச்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த கிளை, ஆற்றின் ஓரத்து உயர்ந்த நிலத்தைக் குறித்தது. இன்னொரு கிளை சுற்றிவளைத்து வந்தது. உட்காரும் பலகையைக் குறித்த சொல் இத்தாலிக்குப் போய் ‘பாங்கா’ ஆயிற்று. அங்கே காசு மாற்றுகிறவர்கள் ஒரு பலகையைப் போட்டு அதன் பின்னால் உட்கார்ந்து தொழில் செய்தார்கள். பலகையின் பெயரே தொழிலுக்கும் ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் சேர்ந்தது. நம் பள்ளிக்கூடத்துப் ‘பெஞ்சு’ம் அதே குடும்பம்தான். யாழ்ப்பாணத்தில் பெஞ்சை ‘வாங்கு’ என்பார்கள். அது ‘பாங்கோ’ என்ற போர்ச்சுகீசியச் சொல்லின் தமிழ் வடிவம். ஆக வாங்கு, பெஞ்சு, வங்கி மூன்றும் ஒரே வேரில் கிளைத்து, வேறு வேறு கப்பலில் வந்து இறங்கியவை.

இனி தமிழுக்கு வருவோம். ஆற்றின் ஓரம் என்றால் கரை. குழித்துறையில் ஆடி அமாவாசையன்று முன்னோருக்குச் செய்யும் வாவுபலிக்குக் கூட்டம் கூடுவது தாமிரபரணிக் கரையில். ஆனால் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆற்றின் ஓரத்துக்கு ஒரு சொல், கடலோரத்துக்கு இன்னொன்று, குளத்தைச் சுற்றிப் போட்ட மண் மேட்டுக்கு வேறொன்று, துணியின் ஓரத்துக்கு மற்றொன்று என்று ஆங்கிலம் பிரித்து வைத்திருக்கிறது. தமிழில் ஆற்றங்கரை, கடற்கரை, குளத்தங்கரை, வேட்டிக்கரை எல்லாமே கரை. பழையாறு கடலில் சேரும் மணக்குடிப் பக்கம் கழிமுகத்துக்குப் பொழி என்ற சொல் வழக்கில் உண்டு. பொழிக்கரை என்றே ஓர் ஊரும் இருக்கிறது. மீனவர் இழுப்பது கரைமடி. படித்துத் தேர்ந்தவர் கரைகண்டவர். நாலு பிள்ளைகளையும் படிக்க வைத்துக் கட்டிக்கொடுத்தவரைப் பார்த்து, ‘ஒரு வழியா எல்லாத்தையும் கரையேத்திட்டாரு’ என்கிறோம். பல பொருள் சுமக்கும் ஆற்றலில் நம் கரை ‘பேங்க்’குக்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல. அகராதியில் ஒன்றுக்கு ஒன்று என்று கோடு கிழித்து இணைத்தால் இரண்டு மொழிக்கும் நட்டம்.

கடலுக்கடியில் இருக்கும் மேட்டைக் கரை என்றும் சொல்ல முடியாது. அதற்கு நம்மிடம் அருமையான சொல் இருக்கிறது: பார். பாறையும் திட்டுமாகக் கடலடியில் உயர்ந்து மீன் கூடும் இடம் பார். கரையில் தெரியும் மலைமுகட்டையும் கோயில் கோபுரத்தையும் ஒரே கோட்டில் நிறுத்திப் பார் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தவர்கள் நம் கடலோர மக்கள். மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்த இடங்களை ஆங்கிலேயர் ‘பேர்ல் பேங்க்’ என்று எழுதினார்கள். அந்த இடங்களின் தமிழ்ப் பெயர்களில் இருப்பது இந்தப் பார்தான். தூத்துக்குடிக்கு எதிரே தொள்ளாயிரம் பார் என்றே ஒன்று உண்டு. வெட்ஜ் என்றால் ஆப்பு. ஆப்பு வடிவப் பார் என்று பெயருக்குப் பெயர் வைக்கலாம். எனக்கு ‘குமரிப் பார்’ என்பதே பிடித்திருக்கிறது. மணல் மட்டும் குவிந்திருந்தால் மணல்திட்டு போதும்.

பணம் போட்டு எடுக்கும் இடத்துக்கு முதலில் ‘பாங்கி’ என்று எழுதினார்கள். பாங்கி என்பது அகப்பாடலில் தலைவியின் தோழி. ‘பாங்கு’ என்றால் தேங்காப்பட்டணத்திலும் திருவிதாங்கோட்டிலும் பள்ளிவாசலிலிருந்து கேட்கும் தொழுகை அழைப்பு. அது பாரசீகச் சொல். ‘வங்கி’ நிலைத்த பிறகும் மோதல் முழுதாகத் தீரவில்லை, மேல்கையில் அணியும் நகைக்கும் அதுதான் பெயர். ஆனாலும் யாரும் குழம்புவதில்லை. வைப்பகம் என்ற நல்ல தமிழ் ஆக்கம் இருக்கிறது, எழுத்தில் அதை இன்னும் தாராளமாகப் பயன்படுத்தலாம். அதற்காக வங்கியை விரட்ட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஒலியிலும் உருவிலும் அது தமிழாகிவிட்ட சொல்.

வங்கி கைவிரித்த கதையும் நம் பக்கம் உண்டு. 1938இல் திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் பேங்க் மூடப்பட்டது. குமரி மாவட்டம் அப்போது திருவிதாங்கூரில் இருந்தது. ‘பேங்க்ரப்ட்’ என்ற சொல்லுக்கு உடைந்த பலகை என்று பொருள். கடனை அடைக்க முடியாதவனின் பலகையை உடைத்துப் போடுவார்கள் என்று ஒரு கதையும் சொல்வார்கள். நம் வழக்கில் ‘பொளிஞ்சு போச்சு’ என்றால் போதும், முழுச் சேதியும் வந்துவிடும். எழுத்துக்கு நொடிப்பு இருக்கிறது. திவால் வெளியிலிருந்து வந்தது.

விமானம் ஒருக்களித்துத் திரும்புவதையும் ‘பேங்க்’ என்பார்கள். சாய்தல் என்று எழுதலாம். ஒருவரை ‘பேங்க்’ பண்ணியிருப்பது, அவரை மலைபோல் நம்பியிருப்பது.

மிச்சமிருப்பது சேமித்து வைக்கும் பொருள். ரத்த வங்கி, குருதி வங்கி இரண்டும் ஊன்றிவிட்டன. விதை வங்கி என்று இப்போது கேள்விப்படுகிறோம். நாஞ்சில் நாட்டு வீடுகளில் நெல் கொட்டி வைத்த மரப் பத்தாயத்தைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மரபு நெல்விதைகளைச் சேர்த்துக் காத்து, கேட்பவருக்குக் கொடுக்கும் இடத்துக்கு ‘விதைப் பத்தாயம்’ என்று பெயர்ப்பலகை எழுதினால், பறக்கையிலும் தேரூரிலும் விளக்கம் கேட்க ஆள் இருக்காது.