ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கேட்பவர்களுக்கு

"ரத்தம் கெட்டியாகாமல் இருக்க ஒரு மாத்திரை எழுதிக் கொடுங்கள், டாக்டர்." தெரிந்தவர் யாருக்காவது பக்கவாதம் வந்துவிட்டால் போதும், சர்க்கரை நோயாளிகள் இப்படிக் கேட்டு வருகிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. மற்றவர்களைவிட அவர்களுக்குப் பக்கவாத அபாயம் ஏறக்குறைய இரு மடங்கு.

ரத்தத்தை உறையவைக்கும் ஃபைப்ரினோஜன் என்ற புரதம், ஒரு டெசிலிட்டருக்கு 200 முதல் 400 மில்லிகிராம் வரை இருப்பது இயல்பு. சர்க்கரை நோயில், அதிலும் தொப்பையும் சிகரெட்டும் சேர்ந்துகொண்டால், அது கூடுகிறது. ரத்தம் உறைய உதவும் ஏழாம், எட்டாம் காரணிகள் என்ற புரதங்களும் கூடுகின்றன. அளவைவிட எனக்குக் கவலை தருவது, ரத்தம் உறைந்து உருவாகும் கட்டியின் தன்மைதான். ரத்தத்தில் மிகுந்த சர்க்கரை ஃபைப்ரினோஜன் மீதே ஒட்டிக்கொள்கிறது. அதிலிருந்து உருவாகும் கட்டி, நெருக்கி நெய்த துணிபோல் இறுகிவிடுகிறது. கட்டியைக் கரைக்க வேண்டிய பிளாஸ்மின் உள்ளே நுழையத் திணறுகிறது. போதாக்குறைக்கு, கரைக்கும் வேலையையே தடுக்கும் பிஏஐ-1 என்ற புரதமும் பெருகியிருக்கும்.

அவர்கள் கேட்கும் மாத்திரையான ஆஸ்பிரின் இவற்றைக் குறிவைத்து வேலை செய்வதில்லை. ரத்தத்தில் உள்ள தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைக் குறைப்பதே அதன் முக்கிய வேலை. இதய, ரத்தக்குழாய் நோய் இல்லாத 15,480 சர்க்கரை நோயாளிகளிடம் பிரிட்டனில் நடந்த 'அசெண்ட்' ஆய்வு 2018இல் வெளியானது. ஆஸ்பிரின் எடுக்காதவர்களோடு ஒப்பிட்டால், எடுத்தவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 9.6 சதவீதத்திலிருந்து 8.5 ஆகக் குறைந்தன. பெரிய ரத்தக்கசிவுகளோ 3.2இலிருந்து 4.1 ஆக உயர்ந்தன. ஆகவே கேட்டவர்களுக்கெல்லாம் நான் எழுதித் தருவதில்லை. ஏற்கெனவே மாரடைப்போ, அடைப்பால் பக்கவாதமோ வந்தவர்களின் கதை வேறு. பல் பிடுங்கப் போகிறோம் என்று அவர்கள் தாமாக மாத்திரையை நிறுத்தவே கூடாது.

ரத்த அழுத்த மாத்திரையைப் பாதியில் விட்டுவிட்டு ஆஸ்பிரின் கேட்பவர்களைப் பார்க்கும்போதுதான் மனம் பதறுகிறது. சர்க்கரை நோயாளிகளிடம் நடந்து 1998இல் வெளியான பிரிட்டனின் யுகேபிடிஎஸ் ஆய்வில், சராசரி அழுத்தம் 154/87 ஆக இருந்த குழுவைவிட, 144/82 ஆக இறக்கி வைத்திருந்த குழுவில் பக்கவாதம் 44 சதவீதம் குறைவாக இருந்தது. இன்று 130/80க்குக் கீழே வைக்கச் சொல்கிறோம்.

வழக்கமான பரிசோதனைக்கு வந்த ஒருவர், கிளம்பும்போது போகிறபோக்கில் சொன்னார்: "போன வாரம் காபி டம்ளர் கையிலிருந்து நழுவியது. பேச்சும் குழறியது. பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது." அவரை வீட்டுக்கு அனுப்பாமல் ஸ்கேனுக்கு அனுப்பினேன். தானாகச் சரியாவதும் பக்கவாதத்தின் முன்னெச்சரிக்கையே. அடுத்த சில நாட்கள்தான் மிக ஆபத்தானவை.

முகம் கோணினாலோ, கை துவண்டாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108ஐ அழையுங்கள். வண்டி வருவதற்குள் குளுக்கோமீட்டரில் சர்க்கரையைப் பாருங்கள். சர்க்கரை மிகவும் தாழ்ந்தாலும் இதே அறிகுறிகள் தோன்றும். வாயில் ஆஸ்பிரினைப் போடாதீர்கள். மூளையில் அடைப்பா, ரத்தக்கசிவா என்பது ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். அடைப்பாக இருந்தால், கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். கடைசியாக நோயாளி நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்பதைக் குறித்துக்கொண்டு வாருங்கள். மருத்துவமனையில் முதலில் கேட்கப்படும் கேள்விகளில் ஒன்று அது.