வேலையில் சேருமுன் லாக் புக்கைப் புரட்டிப் பாருங்கள்

பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பதினாறு ஆண்டுகளாக எஸ்டேட் மேலாளராகப் பணியாற்றி வருகிறேன். எந்தப் பராமரிப்பு நிறுவனத்தில் மேலாளராகச் சேரலாம் என்று கேட்டு வரும் இளைஞர்களிடம், அந்த நிறுவனத்தின் பொறுப்பில் உள்ள குடியிருப்பு ஒன்றுக்கு நேரில் போய், சங்கத்தின் அனுமதியுடன், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் இயக்கத்தைத் தினமும் பதியும் லாக் புக்கைப் பார்த்துவிட்டு வரும்படி சொல்வேன்.

நான் பொறுப்பேற்ற ஒரு வளாகத்தில் முப்பது நாள் பதிவும் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் இருந்தது. கழிவுநீருக்குள் காற்றுச் செலுத்தும் புளோயர் தினமும் ஓடியதாக அதில் எழுதியிருக்க, காயில் கட்டுவதற்காக அதன் மோட்டார் ஒன்பது நாள் வெளியே போயிருந்ததைக் காவலாளியின் கேட் பதிவேடு காட்டியது. ஆபரேட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை; இரண்டு ஷிப்டுக்கும் அவர் ஒருவர்தான், மாற்றிவிட ரிலீவர் கிடையாது. அந்தப் பதிவின் கீழே மேலாளர் கையொப்பம் இருந்தது. நாளை அந்த இடத்தில் கையொப்பம் இடப்போவது நீங்கள்.

ஆள் குறைத்து ஒப்பந்தம் எடுக்கும் நிறுவனம், அடைப்பு ஏற்படும் நாளில் துப்புரவுப் பணியாளரையே தொட்டிக்குள் இறக்கச் சொல்லக்கூடும். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆளை இறக்குவது கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அசம்பாவிதம் நேர்ந்தால் போலீஸார் முதலில் தேடி வருவது தலைமை அலுவலகத்தில் இருப்பவரை அல்ல, தளத்தில் நின்று உத்தரவிட்டவரை. ஆகவே, அடைப்பெடுக்கும் லாரிக்கு ஒப்பந்தத்தில் தொகை ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று நேர்முகத் தேர்விலேயே தயங்காமல் கேளுங்கள்.

பி.எஃப். விஷயத்தில் நானே ஏமாந்திருக்கிறேன். முதல் வேலையில் ஏழு மாதம் என் சம்பளத்தில் பிடித்த 12 சதவீதம் கணக்கில் ஏறவே இல்லை. சம்பளச் சீட்டில் மட்டும் ஒழுங்காக அச்சாகி வந்தது. ஒரு மாதத்துக்குரிய தொகையை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் நிறுவனம் செலுத்த வேண்டும் என்பதால், அங்கு ஏற்கெனவே வேலை செய்பவர் ஒருவரின் பி.எஃப். பாஸ்புக்கை அரசின் உமங் செயலியில் பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும். சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) எண் எப்போது கிடைக்கும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

டீசலுக்கும் பல்புக்கும் மேலாளரைக் கைக்காசு போட வைத்து, பில்லை இரண்டு மாதம் இழுத்தடிக்கும் வழக்கமும் இத்துறையில் உண்டு. இதை அலுவலகத்தில் யாரும் சொல்லமாட்டார்கள். லாக் புக்கைப் பார்க்கப் போகும் நாளில் கேட்டில் நிற்கும் காவலாளிக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, போன மாதச் சம்பளம் எந்தத் தேதியில் வந்தது என்று கேட்டுப் பாருங்கள். மற்றதை அவரே சொல்வார்.