கிராஃப்ட் என்றால் ஒட்டு

தமிழில் ‘கிராஃப்ட்’ என்று எழுதினால் எதைச் சொல்கிறோம் என்று யாருக்கும் சட்டென்று தெரியாது. கைவினைக்கும் அதே எழுத்துதான், மருத்துவர் சொல்லும் தோல் கிராஃப்டுக்கும் அதே எழுத்துதான். இரண்டு ஒலியையும் ஒரே ககரத்துக்குள் அடைத்துவிட்ட பிறகு பிரித்துக் காட்ட வழியில்லை. மலேசியாவில் இருப்பவர்களுக்கு மூன்றாவதாக ஒரு தொல்லையும் உண்டு. நம்மூர் ஆங்கில நாளிதழ்களில் இந்த இரண்டாவது சொல் பெரும்பாலும் லஞ்ச வழக்குச் செய்திகளின் தலைப்பில்தான் வரும். அது 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் பேச்சுவழக்கில் ஏறிக்கொண்ட பொருள். அதை நீதிமன்றத்துக்கே விட்டுவிடுவோம். இங்கே பேச வந்தது, ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் வைத்து அங்கேயே உயிர்பிடிக்க விடும் தோல், எலும்பு, விழிப்படலம் (கருவிழியின் மேலுள்ள கண்ணாடிபோன்ற படலம்), சிறுநீரகம் ஆகியவற்றின் பொதுப்பெயரைப் பற்றி.

சொல்லின் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. ‘கிராஃபெயின்’ என்றால் எழுதுதல். மெழுகுப் பலகையில் கீறி எழுதும் எழுத்தாணிக்கு ‘கிராஃபியோன்’ என்று பெயர். அது லத்தீனில் ‘கிராஃபியும்’ ஆகி, பிரெஞ்சுக்குப் போய் ‘கிரெஃப்’ ஆனது. தோட்டக்காரர் ஒட்டுவதற்காகச் சீவி வைத்த குச்சியின் முனை எழுத்தாணியின் முனையை ஒத்திருந்ததால் அந்தக் குச்சிக்கும் அதே பெயர் வந்தது. அங்கிருந்து ஆங்கிலத்துக்கும் அப்புறம் அறுவை அறைக்கும் போயிற்று. பிரெஞ்சுக்காரர்களுக்கு இன்றும் நீதிமன்றப் பதிவகமும் ‘கிரெஃப்’தான், சிறுநீரக ஒட்டும் ‘கிரெஃப்’தான்.

ஓலையில் எழுத்தாணியால் கீறிய மரபு நமக்கும் உண்டு. ஆனால் தமிழ் இந்த வேலைக்குப் பெயர் வைத்தபோது கருவியைப் பார்க்கவில்லை, நடக்கிற காரியத்தைப் பார்த்தது: ஒட்டு. ஒட்டுமா, ஒட்டுச்செடி, ஒட்டுக்கட்டுதல், மொட்டு ஒட்டு, மென்தண்டு ஒட்டு என்று தோட்டத்தில் இந்தச் சொல்லுக்கு ஒரு குடும்பமே இருக்கிறது. கீழே வேரோடு நிற்பது வேர்ச்செடி. மேலே வைப்பது ஒட்டுக்குச்சி. குச்சி எந்த மரத்திலிருந்து வந்ததோ அது தாய்மரம்.

பினாங்கில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. பாலிக் பூலாவ் பக்கத்து நர்சரியில் டுரியான் கன்று வாங்கினால் முதல் கேள்வியே ஒட்டா, விதையா என்பதுதான். மலாய்க்காரர் ஒட்டுக்கன்றைக் ‘கஹ்வின்’ என்பார், அதாவது கல்யாணம் ஆனது. விதை போட்டு முளைத்த கம்போங் டுரியான் நாற்றின் தலையை வெட்டி, தண்டை நடுவில் பிளந்து, மூசாங் கிங் ரகக் குச்சியை இருபக்கமும் ஆப்பாகச் சீவி அந்தப் பிளவில் செருகுவார்கள். பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிச் சுற்றி, காயாமல் இருக்க மேலே ஒரு பையையும் கவிழ்த்துவிடுவார்கள். சில வாரம் கழித்துப் பை எடுக்கும்போது கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று: “பிடிச்சிருச்சா?”

இந்தப் ‘பிடித்தல்’ இருக்கிறதே, அதை நம் கலைச்சொல் பட்டியல்கள் கண்டுகொள்வதே இல்லை. ஆங்கில மருத்துவரும் தோல் ஒட்டைப் பற்றிப் பேசும்போது ‘எடுத்துக்கொண்டது’ என்கிற மாதிரி ஒரு சாதாரண வினையைத்தான் பயன்படுத்துகிறார். ஒட்டின் பரப்பில் எத்தனை விழுக்காடு எடுத்துக்கொண்டது என்று குறிப்பேட்டில் எழுதுகிறார். அதற்கு நேரான தமிழ் நர்சரியில் ஏற்கெனவே இருக்கும்போது ‘ஒட்டுத்திசு ஏற்புத்திறன்’ என்றெல்லாம் மொழிபெயர்த்து உட்காருவது எதற்கு? ஒட்டுப்பிடிப்பு என்றால் போதும்.

திசு என்ற சொல்லையும் இங்கேயே பார்த்துவிடலாம். அது பிரெஞ்சின் ‘திஸ்யூ’, அதாவது நெய்தது. உடலின் சதையையும் சவ்வையும் இருபத்தோரு வகைத் திசுக்களாகப் பிரித்து அந்தச் சொல்லை மருத்துவத்தில் ஊன்றியவர் 1800-ஐ ஒட்டி எழுதிய பிரெஞ்சு மருத்துவர் பிஷா. இலங்கைப் பாடநூல்கள் இதை ‘இழையம்’ என்கின்றன. இழை, நெசவு என்ற மூலப் பொருளுக்கு அச்சாகப் பொருந்தும் சொல் அது. தமிழ்நாட்டில் திசு நிலைத்துவிட்டது. மலேசியாவில் திசு என்றால் முதலில் கைதுடைக்கும் தாளும், அப்புறம் மாமாக் கடையில் கூம்பாக நிற்கும் ரொட்டி திசுவும்தான் நினைவுக்கு வருகின்றன. எனக்கு இழையமே பிடிக்கிறது, ஆனால் வாசகருக்குப் பழகியது திசு என்பதால் இங்கே திசு என்றே எழுதுகிறேன்.

சரி, ஒட்டு எப்படிப் பிடிக்கிறது? மரத்தில் நடப்பது இது: வெட்டுப்பட்ட இரண்டு முகங்களிலும் தோலுக்கு அடியில் பச்சையாக ஒரு வளர்படை இருக்கும். இரண்டு வளர்படையும் ஒன்றோடொன்று தொட்டால் நடுவில் மெத்தென்ற புதுத்திசு திரண்டு இடைவெளியை அடைக்கும். அதன் வழியே புதிய நீர்க்குழாய்கள் ஓடும். தொடாவிட்டால் குச்சி கருகும்.

மனிதத் தோலில் வேலை இதைவிட வேகமாக நடக்கும். தீக்காயத்துக்கு வைக்கிற ஒட்டு பெரும்பாலும் தொடையிலிருந்து மெல்லிய ஏடாகச் சீவி எடுத்ததுதான். எடுத்த இடத்தில் மயிர்க்கால்களின் அடிப்பகுதி மிச்சம் இருப்பதால் அங்கே புதுத்தோல் தானாகவே மூடிக்கொள்ளும், இரண்டு வாரம் போல ஆகும். ஒட்டுக்கு அந்த வசதி இல்லை. அதன் ரத்தக் குழாய் எல்லாம் அறுந்துபோனவை. முதல் ஒன்றிரண்டு நாள் அடியிலுள்ள காயம் கசியவிடும் நீரை உறிஞ்சித்தான் அது உயிரோடு இருக்கும். அப்போது தொட்டுப் பார்த்தால் வெளிறி, ஊறி, கொஞ்சம் தடித்திருக்கும். இந்தக் கட்டத்துக்கு ‘ஊறல்’ என்பது பொருத்தமான சொல். இரண்டாம், மூன்றாம் நாளில் காயத்தின் நுண்குழாய்களும் ஒட்டின் அறுந்த குழாய்களும் முனையோடு முனை சேரும். இதற்கு மருத்துவர் சொல்லும் ‘இனாஸ்குலேஷன்’ என்ற லத்தீன் வழிச் சொல்லுக்குள் ‘சிறுவாய்’ என்ற பொருள் இருக்கிறது. முத்தத்துக்கும் லத்தீனில் அதுதான் பெயர். காட்டில் இரண்டு கிளைகள் உராய்ந்து உராய்ந்து தானாகவே ஒன்றாகிப்போவதற்கும் தாவரவியலார் இதே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். தமிழில் ‘வாய்சேர்தல்’ எனலாம். அதன் பிறகு புதுக் குழாய்கள் முளைத்து உள்ளே நுழைய, ஐந்தாறு நாளில் வெளிறிய தோல் இளஞ்சிவப்பாகும்.

ஒட்டு ஏன் தவறுகிறது என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. அடியில் ரத்தமோ நீரோ தேங்கினால் வாய்சேர முடியாது. ஒட்டு நகர்ந்தால் சேர்ந்த வாய் பிய்ந்துவிடும். கிருமி வந்தால் கரைந்துபோகும். தோலில் வலைபோல் கீறல் போடுவதற்கு ஒரு காரணம் நீர் வடிவதுதான். பஞ்சை மேலே வைத்து இறுக்கித் தைப்பதும் கையைக் காலை அசைக்காதே என்று அதட்டுவதும் ஒட்டு நகராமல் இருக்கத்தான். காயத்தின் மேல் போட்ட முதல் கட்டுத்துணியைப் பல இடங்களில் ஐந்தாம் நாள் வாக்கில்தான் பிரிக்கிறார்கள்.

எலும்பில் கதை வேறு. இடுப்பெலும்பிலிருந்து துண்டு எடுத்து வேறிடத்தில் வைத்தால் அந்தத் துண்டின் செல்களில் பெரும்பாலானவை செத்துவிடும். சுற்றியுள்ள எலும்பிலிருந்து ரத்தக் குழாய்கள் அதற்குள் ஊர்ந்து வரும். ஒருவகைச் செல்கள் பழைய எலும்பை அரிக்க, இன்னொரு வகை புது எலும்பைப் படிய வைக்கும். மாதக்கணக்கில் நடக்கும் இந்த வேலைக்கு மருத்துவ நூல்களில் ‘ஊர்ந்து மாற்றீடு’ என்ற பொருளில் ஒரு பெயர் உண்டு. கடைசியில் அங்கே நிற்பது வைத்த எலும்பே இல்லை. விழிப்படலத்தில் ரத்தக் குழாயே கிடையாது; அதனால்தான் ஆறுவதும் மெதுவாக, தையல் ஓராண்டுக்கு மேலும் கண்ணில் இருக்கும். அதே காரணத்தால் உடல் அதை எதிர்ப்பதும் குறைவு. 1905-இலேயே இன்றைய செக் நாட்டின் ஓலமோட்ஸ் நகரில் சிர்ம் என்ற மருத்துவர் விழிப்படலம் ஒட்டி வெற்றி பெற்றதற்கு இது பெரிய காரணம். சிறுநீரகத்துக்கு அப்படி ஒரு வெற்றி கிடைக்க இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

சிறுநீரகம் என்று வந்தாலே நம் பத்திரிகைகள் ‘மாற்று’ என்று எழுதிவிடும். சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை. மலேசியாவில் முதல் முறை இது நடந்தது 1975-இல், கோலாலம்பூர் மருத்துவமனையில்; மனிதத் திசுச் சட்டம் வந்தது அதற்கு முந்திய ஆண்டு. ‘மாற்று’ என்று கேட்டதும் பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பூட்டுகிறார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ரத்தச் சுத்திகரிப்பு மையத்தில் நாற்காலிக்கு நாற்காலி விசாரித்துப் பாருங்கள், பாதிப்பேர் அப்படித்தான் சொல்வார்கள். உண்மையில் பழைய சிறுநீரகங்களைப் பொதுவாக எடுப்பதில்லை. அவை முதுகுப் பக்கம் இருந்தபடியே சுருங்கிக் கிடக்கும். புதியதை அடிவயிற்றில் ஒரு பக்கமாக வைத்து, காலுக்குப் போகிற பெரிய தமனியோடும் சிரையோடும் அதன் குழாய்களைத் தைத்து, சிறுநீர்க்குழாயைச் சிறுநீர்ப்பையோடு இணைக்கிறார்கள். ஆக அவருக்கு மூன்று சிறுநீரகம். இதயம், கல்லீரல் போன்றவைதான் மெய்யாகவே பழையதை எடுத்துவிட்டு மாற்றுவன. மலாய்க்காரர் ‘பெமின்டாஹான்’, அதாவது இடம்பெயர்ப்பு, என்று தப்பித்துக்கொண்டார். இந்தோனேசியர் ‘சங்கோக்’ என்பார்; அது கிளையில் மண் வைத்துக் கட்டி வேர்விட வைக்கும் விண்பதியம்.

சிகிச்சையின் பெயரில் ‘மாற்று’ இருந்துவிட்டுப் போகட்டும், ஊன்றிப்போன சொல்லைப் பிடுங்க முடியாது. வைத்த உறுப்பைக் குறிக்கும்போதாவது ‘ஒட்டுச் சிறுநீரகம்’, ‘ஒட்டுறுப்பு’ என்று எழுதலாம். ஒட்டு என்றால் பசைபோட்டு ஒட்டிய மாதிரி இருக்கிறதே என்று ஒரு தடை சொல்வார்கள். ‘ஒட்டும் இல்லை உறவும் இல்லை’ என்று சண்டையில் சொல்கிறோமே, அந்த ஒட்டில் பசை எங்கே இருக்கிறது?

உறவு என்றதும் வகைகள் வந்துவிடுகின்றன. தன் உடம்பிலிருந்தே எடுத்தது தன்னொட்டு. ஒரே கருவில் பிரிந்த இரட்டையரிடமிருந்து வந்தது ஒத்த ஒட்டு. வேறு மனிதரிடமிருந்து வந்தது பிறரொட்டு. வேறு விலங்கிலிருந்து வந்தது அயலின ஒட்டு. கடைசியதன் கிரேக்க முன்னொட்டுக்கு அந்நியன், விருந்தாளி இரண்டு பொருளும் உண்டு. பழந்தமிழிலும் விருந்து என்றால் புதுமை, புதிதாய் வந்தவர். ‘விருந்தொட்டு’ என்று பெயர் வைக்க ஆசையாகத்தான் இருக்கிறது. கேட்கிறவர் கல்யாணச் சாப்பாட்டை நினைப்பார் என்பதால் வேண்டாம்.

பிறரொட்டு ஏன் நிலைப்பதில்லை என்பதை இரண்டாம் உலகப் போரின்போதுதான் தெளிவாகப் பார்த்தார்கள். கிளாஸ்கோவில் கிப்சன் என்ற அறுவை மருத்துவரும் மெடவார் என்ற விலங்கியலாளரும் தீக்காயம் பட்ட ஒரு பெண்ணுக்கு அவருடைய தோலையும் சகோதரரின் தோலையும் சின்னச் சின்னத் துண்டாக வைத்தார்கள். இரண்டும் முதலில் பிடித்தன. அப்புறம் சகோதரரின் துண்டுகள் மட்டும் அழிந்தன. மறுபடி சகோதரரின் தோலையே வைத்தபோது முன்னைவிடச் சீக்கிரம் அழிந்தது. உடம்பு நினைவு வைத்துக்கொண்டு அடிக்கிறது என்பதற்கு அதுவே சான்று; 1943-இல் வெளியிட்டார்கள், மெடவாருக்கு 1960-இல் நோபல் கிடைத்தது. 1954 டிசம்பரில் பாஸ்டனில் மர்ரே என்ற அறுவை மருத்துவர் சிறுநீரகம் ஒட்டி வெற்றி பெற்றதும் ஒத்த இரட்டையரிடையே என்பதால்தான். அவர்கள் மெய்யாகவே ஒத்தவர்களா என்று தெரிந்துகொள்ள முதலில் ஒருவர் தோலை மற்றவருக்கு ஒட்டிப் பார்த்தார்கள். அது பிடித்தது.

இந்த எதிர்ப்பை ‘நிராகரிப்பு’ என்று எழுதுகிறோம். மனு நிராகரிப்பு, விசா நிராகரிப்பு வரிசையில் போய் நிற்கிறது. மூலச் சொல்லின் பொருள் திருப்பி எறிதல். ‘தள்ளல்’ என்றால் போதும். “உடம்பு தள்ளிடுச்சு” என்று வீட்டில் சொல்வதும் அதுதானே. சில நிமிடங்களில் வந்தால் மீவிரைவுத் தள்ளல், முதல் மாதங்களில் வந்தால் விரைவுத் தள்ளல், ஆண்டுக்கணக்கில் ஊர்ந்து வந்தால் நாட்பட்ட தள்ளல்.

கடைசிச் சொல் ‘ஃபைப்ரோசிஸ்’. இதன் வேர் லத்தீன் ‘ஃபிப்ரா’, நார். திசு அடிபட்டு, ஆறி, மறுபடி அடிபட்டு ஆறும்போது வேலை செய்யும் செல்கள் இருந்த இடத்தில் நார் படிகிறது. தோலில் இருந்தால் தழும்பு என்கிறோம். உள்ளுறுப்பில் அதற்கு ‘நாரேற்றம்’ என்று வைக்கலாம், முற்றிய இஞ்சியில் நார் ஏறுகிற மாதிரி. ஒட்டுச் சிறுநீரகத்தில் நாரேற்றத்துக்குக் காரணம் ஒன்றல்ல: முன்பு வந்துபோன தள்ளல்கள், எடுத்து வைப்பதற்கு இடையே ரத்தமில்லாமல் கிடந்த நேரம், கொடுத்தவரின் வயது, ஒருவகை வைரஸ். தள்ளலைத் தடுக்கக் கொடுக்கும் சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் மருந்துகளும் நீண்ட காலத்தில் இதில் பங்கு வகிக்கின்றன.

ஊசியால் குத்தி எடுத்த திசுத்துணுக்கை நோயியல் மருத்துவர் பார்ப்பது ‘பான்ஃப்’ அளவுகோலின்படி. கனடாவின் பான்ஃப் ஊரில் 1991-இல் கூடி வகுக்கத் தொடங்கியது அது. சிறுநீரகத்தின் வெளிப்பகுதியான புறணியில் நார் ஏறி நுண்குழல்கள் சுருங்கிய பரப்பு 25 விழுக்காடு வரை இருந்தால் லேசு, 50 வரை மிதம், அதற்கு மேல் கடுமை. அறிக்கை கையில் வந்தால் இரண்டு சொல்லைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ‘அழற்சி’ என்றிருந்தால் உடம்பின் எதிர்ப்புச் செல்கள் புகுந்து தாக்கிக்கொண்டிருக்கின்றன. ஸ்டீராய்டு ஊசி போன்றவற்றால் பலருக்கு அடக்க முடிகிறது. ‘நாரேற்றம்’ என்றிருந்தால் அது நடந்து முடிந்த சேதத்தின் கணக்கு. ஏறிய நாரைத் திரும்ப எடுக்க இன்று மருந்தில்லை, மிச்சத்தைக் காக்க மருந்தளவையும் ரத்த அழுத்தத்தையும் சரிசெய்வார்கள்.