விதைநெல் விதி டெபியனில் தேறாது

திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரங்கத்தில் நெல் ஜெயராமன் தொடங்கிய நெல் திருவிழாவில் பாரம்பரிய விதைநெல் இரண்டு கிலோ கொடுப்பார்கள். காசு கிடையாது. மறுவருஷம் விளைச்சலில் நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான். மாப்பிள்ளைச் சம்பா மறுபடி வயலுக்கு வந்ததில் இந்த ஏற்பாட்டுக்கு நல்ல பங்கு உண்டு.

இதே நிபந்தனையை ஒரு மென்பொருளின் உரிமத்தில் எழுதினால் டெபியன்காரர்கள் அதைக் கட்டற்ற மென்பொருள் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

டெபியன், தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் இயங்குதளம். உபுண்டுவுக்கு அதுதான் அடித்தளம். எதைக் கட்டற்றது என்பது என்ற கேள்விக்கு 1997இல் புரூஸ் பெரன்ஸ் ஒரு வரைவு எழுதினார். உறுப்பினர்கள் பேசித் திருத்தி ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த வருஷம் வந்த ஓப்பன் சோர்ஸ் வரையறை கிட்டத்தட்ட இதன் நகல்தான். அதன் சாரம் இதுதான்: யாரும் பகிரலாம், விற்கவும் செய்யலாம். நிரலர் எழுதிய மூலநிரல் கிடைக்க வேண்டும். திருத்த விட வேண்டும். ஆளையோ தொழிலையோ பார்த்து ஒதுக்கக் கூடாது. ஆங்கிலக்காரர்கள் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு படும் பாடு நமக்கு இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு.

மன்னார்குடியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஒரு டிடிபி கடையில் இந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்தேன். இலவசமாக இறக்கிய அழகான எழுத்துரு. கூடவே வந்த சின்ன கோப்பைத் திறந்தால், 'சொந்த உபயோகத்துக்கு மட்டும்' என்று ஒரு வரி. காசு வாங்கிப் பத்திரிகை அடிப்பவருக்கு அது ஆகாது. டெபியனுக்கும் ஆகாது. மீரா இனிமை எழுத்துருவின் உரிமத்திலும் ஒரு தடை உண்டு: எழுத்துருவைத் தனியாக விற்கக் கூடாது. ஆனால் ஏதாவது ஒரு குட்டி நிரலோடு சேர்த்து விற்றால் தடையில்லை. அதனால் அது தேறிவிட்டது.

சரி, விதைநெல் விதி ஏன் தேறாது? உரிமங்களைப் பற்றி வாதாடுபவர்கள் 'ஆளில்லாத் தீவு' என்று ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். நாம் தீவுக்குப் போக வேண்டாம், கொள்ளிடத்துத் திட்டு போதும். வெள்ளம் வந்தால் நாதல்படுகை, முதலைமேடுதிட்டு பக்கமெல்லாம் படகுதான். அங்கே ஒருவர் லேப்டாப்போடு மாட்டிக்கொள்கிறார் என்று வையுங்கள். நெட் இல்லை. ஒரு நிரலைத் தன் தேவைக்குத் திருத்தி, பக்கத்து வீட்டுப் பையனுக்கும் பென்டிரைவில் கொடுக்கிறார். 'திருத்தினால் எனக்கு அனுப்பியே ஆக வேண்டும்' என்று உரிமம் சொன்னால், அந்த நிமிஷமே அவர் விதியை மீறியவர் ஆகிவிடுகிறார். இன்னொரு சோதனையில், அரசாங்கத்துக்குப் பயந்து பெயரை மறைத்து வேலை செய்பவரை நிறுத்திப் பார்ப்பார்கள். பெயரைச் சொல்லச் சொல்லும் உரிமம் அவரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கட்டற்ற மென்பொருளில் பரவலாகப் புழங்கும் ஜிபிஎல் உரிமமும்தான் நிபந்தனை போடுகிறது என்று கேட்கலாம். போடுகிறது, திசை வேறு. தலைமடைக்குத் திருப்பி அனுப்பச் சொல்லவில்லை. நிரலை யாருக்குக் கொடுக்கிறீர்களோ அவருக்கு மூலநிரலையும் அதே உரிமைகளையும் கொடுங்கள் என்கிறது. கடைமடை வரை குறையாமல் போக வேண்டும், அதுதான் கணக்கு.

நல்லெண்ணம் இருந்தாலும் தப்ப முடியாது. ஜேசன் (JSON) என்ற தரவு வடிவத்துக்கான நிரலோடு வந்த உரிமத்தில், மென்பொருளை நன்மைக்குப் பயன்படுத்த வேண்டும், தீமைக்குக் கூடாது என்று ஒரு வரி இருக்கிறது. எது தீமை, யார் சொல்வது? தேறவில்லை. எனக்கு இது கொஞ்சம் கறார்தான் என்று படுகிறது, ஆனாலும் வாதத்தில் ஓட்டை இல்லை.

தீர்ப்பு சொல்வது யார்? விவாதிப்பவர்கள் ஆலோசனைதான் சொல்ல முடியும். மென்பொருளை டெபியனில் நிறுவத் தோதாகக் கட்டிய பொதியைத் தயாரிப்பவர் அதிலுள்ள கோப்புகளின் பதிப்புரிமையை எழுதி வைக்க வேண்டும். புதிய பொதி வரிசையில் நிற்கும்; களஞ்சியத்தைக் காக்கும் சிலர் பிரித்துப் பார்த்து உள்ளே விடுவார்கள், அல்லது திருப்பி அனுப்புவார்கள். அதிலும் தீராத பெரிய வழக்கு உறுப்பினர்களின் வாக்குக்குப் போகும். ஒரே ஒரு தேர்வுக்கு வாக்களிக்கும் நம்மூர் முறை இல்லை. தேர்வுகளை விருப்ப வரிசையில் அடுக்க வேண்டும், அப்புறம் இரண்டிரண்டாக மோதவிட்டு எண்ணுவார்கள்.

2006இல் அப்படி ஒரு வாக்கெடுப்பு. கையேடுகளுக்கென்று க்னூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டம் எழுதிய உரிமத்தில், சில பகுதிகளை மாற்றவே கூடாது என்று பூட்டி வைக்க இடம் உண்டு. பூட்டிய பகுதி இல்லாத கையேடு கட்டற்றது, இருந்தால் இல்லை என்று முடிவானது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தையே தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மேன் எழுதிய ஈமாக்ஸ் என்ற உரைத்திருத்தியின் கையேட்டில் அப்படிப் பூட்டிய பகுதி இருந்தது. டெபியன் அதைத் தூக்கி, கட்டற்றவை அல்லாதவற்றுக்கான பிரிவில் வைத்தது.