வயதையும் இனத்தையும் பார்த்துத் தாயை எடை போடாதீர்கள்

சென்ற வாரம் 42 வயதுத் தாய் ஒருவர் ஏழாம் மாதத்தில்தான் முதன்முறையாக மலேசியத் தோட்டப்புறத்திலுள்ள எங்கள் தாய்சேய் நலக் கிளினிக்கிற்கு வந்தார். முகமும் கணுக்காலும் வீங்கியிருந்தன. இரத்த அழுத்தம் 160/110. மூத்த மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருக்கும் நேரத்தில் இது வெளியே தெரிந்தால் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) என்ன பேசுவார்களோ என்று அஞ்சி, தொளதொளவென்று சட்டை போட்டு வயிற்றை மறைத்துக்கொண்டு, செம்பனைக் காட்டில் உதிர்ந்த பழம் பொறுக்கப் போய்வந்திருக்கிறார். தலைவலி என்றபோதெல்லாம் "வயசாயிருச்சுல்ல, வெயில்ல நின்னா தலை வலிக்கத்தான் செய்யும்" என்றே வீட்டார் சொல்லியிருக்கிறார்கள். அன்றே ஆம்புலன்சில் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினோம். இப்படி அனுப்பிவைப்பது இது முதல் தடவை அன்று என்பதால்தான் எழுதுகிறேன்.

நாற்பதைத் தாண்டியவருக்கு வெட்கம் என்றால், பத்தொன்பதில் தாயாகிறவளுக்கு அவமதிப்பு. அடிவயிறு வலிக்கிறது என்று அவள் சொன்னால் "சின்னப் பிள்ளை, பயப்படுது" என்கிறார்கள். நாங்கள் அவளிடம் கேட்கும் கேள்விக்கு மாமியார் பதில் சொல்கிறார். கர்ப்பகால இரத்தக் கொதிப்பு வருவதற்கான வாய்ப்பு, தலைப்பிரசவக்காரிக்கும் நாற்பதைத் தாண்டியவருக்கும் மற்றவர்களைவிடக் கூடுதல். ஆனால் இந்த இருவர் சொல்வதைத்தான் நாம் காதில் வாங்குவதில்லை.

எனக்கு மிகுந்த கோபமூட்டுவது, தோட்டத்துப் பெண்கள் வலி தாங்குவார்கள் என்ற பேச்சு. வெளியார் சொன்னால் இளக்காரம் என்று சினக்கும் நாமே அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்கிறோம். "எங்க பாட்டி காலையில ரப்பர் பால் வெட்டிட்டு வந்து சாயங்காலம் லயத்துலயே பெத்தாங்க" என்று என்னிடம் சொல்லாத குடும்பம் இல்லை. பிள்ளை பெற்றுப் பிழைத்த பாட்டிமார்களின் கதைதான் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. பிரசவத்தில் இறந்துபோனவர்களின் கதையைச் சொல்ல யார் இருக்கிறார்கள்? வலியை அளக்கும் கருவி எதுவும் எந்த மருத்துவமனையிலும் கிடையாது. பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு வலிக்கிறது என்று தாயையே கேட்டு, அவர் சொல்வதைத்தான் எழுதிக்கொள்கிறோம். அந்தச் சொல்லையும் நம்பாவிட்டால் எங்களிடம் வேறு அளவுகோலே இல்லை.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய நோயும் அன்று. அமெரிக்காவின் வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் 2016இல் வெளியான ஆய்வில், வெள்ளையின மருத்துவ மாணவர்களிலும் பயிற்சி மருத்துவர்களிலும் ஏறத்தாழப் பாதிப் பேர், கறுப்பினத்தவரின் தோல் தடிமனானது என்பதுபோன்ற பொய்களில் ஒன்றையாவது நம்பினர். அப்படி நம்பியவர்கள் கறுப்பினத்தவரின் வலியைக் குறைத்தே மதிப்பிட்டனர். அந்நாட்டில் 2021இல் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்குக் கறுப்பினத் தாய்மார்கள் 69.9 பேரும் வெள்ளையினத் தாய்மார்கள் 26.6 பேரும் இறந்தனர். இதற்குக் காரணங்கள் பல உண்டு. ஆனால் தாய் சொல்வதைச் செவிமடுக்காததும் அவற்றுள் ஒன்று. டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்சே 2017இல் மகளைப் பெற்ற பிறகு, நுரையீரலில் இரத்தக் கட்டி இருக்கக்கூடும் என்று தாமே வற்புறுத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

இதைப் படித்து வருந்தும் நாம், பக்கத்து லயத்து இந்தோனேசியத் தாயைப் பற்றி என்ன பேசுகிறோம்? "அவங்களுக்கு வருஷம் ஒண்ணு பெத்து பழக்கம்" என்கிறோம். பழக்கத்தால் பிரசவம் எளிதாகிவிடாது. ஐந்து பெற்ற கருப்பை சரியாகச் சுருங்காமல் இரத்தப்போக்கு ஏற்படும் அபாயம் அதிகம் என்பதால் அப்படிப்பட்ட தாயை நாங்கள் கூடுதலாகவே கவனிக்கிறோம். கட்டணத்துக்கும் வேலை பெர்மிட் சோதனைக்கும் பயந்து அவர் ஏற்கெனவே தாமதமாகத்தான் வருகிறார். நம் ஏச்சும் சேர்ந்தால் வரவே மாட்டார்.

எந்த வயதானாலும் 12 வாரத்துக்குள் வந்து பதிந்துகொள்ளுங்கள். கர்ப்பகாலப் பதிவுப் புத்தகத்தில் ஒட்டும் வண்ண ஸ்டிக்கர் உங்களுக்கு எவ்வளவு கவனிப்பு தேவை என்று எங்களுக்குக் காட்டுவதற்காகவே. அதைப் பார்த்து வெட்கப்படாதீர்கள், கிழிக்காதீர்கள். விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகவீக்கம், பிள்ளை அசைவு குறைதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த தவணைத் தேதிக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பிரசவத்துக்குப் பின் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுதாக நனைந்துவிட்டால் 999ஐ அழையுங்கள். பத்தியமும் கைமருந்தும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மாமியார்களே, அத்தைமார்களே, மருமகளோடு கட்டாயம் வாருங்கள். ஆனால் மிஸ்ஸி (தாதி) அவளிடம் கேட்கும் கேள்விக்கு அவளையே பதில் சொல்ல விடுங்கள்.